பால்கட்டு

1943 பிப்ரவரி 8, திங்கள்

காலையில் வாடைக்காற்று. துறைமுகப் பக்கமிருந்து உப்பும் கரிப்புகையும் கலந்த நெடி. துணி துவைக்கும் நாள். என் ரவிக்கைகள், அவருடைய வெள்ளைச் சட்டைகள், ஒரு விரிப்பு. ரவிக்கைகளின் முன்பக்கம் கஞ்சி போட்டதுபோல் விறைத்து நிற்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் புளிப்பு போகவில்லை.

சாமுவேல் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இனிமேல் சா. என்றே எழுதுவேன். முழுப் பெயரையும் எழுதினால் கை நின்றுவிடுகிறது. ஐந்து மாதப் பிள்ளை. வெள்ளிக்கிழமை காய்ச்சல். ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிக்கும்போது இல்லை.

பிள்ளை போனது என் மாருக்குத் தெரியவில்லை. நேரத்துக்கு நேரம் சுரக்கிறது. பிறகு கல்லாய்க் கட்டிக்கொள்கிறது. கையைத் தூக்கித் தலைசீவ முடியவில்லை.

அத்தை சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறும்முன் சொன்ன வைத்தியம்: மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு, வற்றிவிடும். மாமியார் சொன்னபடியே மகனும் செய்கிறார். தினமும் வேலை முடிந்து வரும்போது வாழையிலைப் பொட்டலம். கையில் தருவதில்லை. அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விடுகிறார். நான் எடுத்துக் கட்டிக்கொள்கிறேன். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு மணம்.

பூதான் வாடுகிறது.

பிப். 10, புதன்

அரிசிக் கடையில் வெயிலேறும்வரை நின்றேன். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றதிலிருந்து கிடைப்பதெல்லாம் குருணையும் கல்லும். எனக்கு முன்னால் நின்றவள், சா. வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்த பழக்கம். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"பிள்ள எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"தவழுதானா?"

"இன்னும் இல்ல. குப்புற விழுதான்."

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க மனது லேசாக இருந்தது. அவன் வீட்டில் தூங்குகிறான், சீக்கிரம் போக வேண்டும் என்று வேகமாக நடந்தேன். கதவைத் திறந்தபிறகுதான்.

ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன், எழுதாவிட்டால் அதுவும் உள்ளேயே கட்டிக்கொள்ளும். அடக்கத்தன்று நான் அறையில் படுத்திருந்தேன். அடுப்பங்கரையில் அத்தை உறவுக்காரியிடம் சொன்னது: "பால்தான் அவனுக்கு ஆகல. பெத்தவ பாலே வெசமாப் போனா பச்சப்பிள்ள என்ன செய்யும்?" உறவுக்காரி உச்சுக் கொட்டினாள். வாசற்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். அப்படிச் சொல்லாதீங்கம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பிப். 13, சனி

பாலைப் பீய்ச்சி முற்றத்தில் ஊற்றுகிறேன். எறும்பு சாரை சாரையாக வருகிறது. எறும்பு சாகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். சாகவில்லை.

மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கடற்பாலத்துக்குப் போனேன். தோணிகளில் கூரை ஓட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் கோடியில் ஆழம். எனக்கு நீச்சல் தெரியாது. அது வசதி என்று நினைத்தேன். பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். யாரோ ஒருத்தி மீன்கூடையோடு போனாள், அவள் தோளில் ஒரு பிள்ளை. வீலென்று அழுதது. அவ்வளவுதான். என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து சேலைக்கு மேலே தெரிந்தது. சுமைகாரர்கள் பார்த்தார்கள்.

சாகப் போனவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். வந்து சோறு வடித்தேன். அவருக்குத் தெரியாது.

பிப். 17, புதன்

பின்வீட்டில் சாவு. கிணறு ஒன்றுதான், அவர்களுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு இந்தப் பக்கம். அங்கே இருப்பவள் பிலோமினாள், பி. அக்கா. கத்தோலிக்கப் பரதவர். புருஷன் இல்லாதவள். தம்பி சூசை தோணிக்காரன், கொழும்புக்குப் போய் மாதக்கணக்காகிறது. அவன் பெண்டாட்டி ரோசம்மா பிரசவத்துக்காக அக்காளோடு இருந்தாள். முந்தாநாள் வலி எடுத்தது. நேற்றுப் பெண்பிள்ளை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. இன்று விடியும்போது ரோசம்மா போய்விட்டாள். புருஷனுக்குத் தெரியாது.

நல்ல பெண். கிணற்றடியில் என்னைவிட வேகமாக வாளி இழுப்பாள். சா.வுக்காக ஒரு கிளிஞ்சல் கிலுகிலுப்பை கோத்துத் தந்தாள்.

அவர் அடக்கத்துக்குப் போனார். நான் போகவில்லை.

பிப். 18, வியாழன்

அந்தப் பிள்ளை காலையிலிருந்து அழுகிறது. அழ அழ எனக்குச் சுரக்கிறது. பின்ஜன்னலைச் சாத்தினேன். காதில் பஞ்சு வைத்தேன். பஞ்சையும் தாண்டி வருகிறது. காதுக்கு வராவிட்டாலும் மாருக்கு வருகிறது. பூவெல்லாம் பாலில் ஊறி விழுந்துவிட்டது.

சாயங்காலம் பி. அக்கா வந்தாள். கறுப்புச் சேலை. உட்காரவில்லை.

"எஸ்தர், கோவிச்சுக்கிடாத. ஆட்டுப்பால் குடுத்தோம், கக்கிட்டு. சீனித்தண்ணி குடுத்தோம், அதும் நிக்கல. ஒனக்கு இன்னும்…" என் மாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பால் கெட்ட பால் அக்கா."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"யாரு சொன்னா?"

"என் பிள்ளையே செத்துட்டானே."

பி. அக்கா கோபமே இல்லாமல் சொன்னாள். "அது நாளைக்கோ நாளக்கழிச்சோ போற உசிரு. கெட்ட பாலக் குடிச்சுட்டுப் போனா என்ன, பால் இல்லாமப் போனா என்ன? வயிறு நெறஞ்சாவது போட்டும்."

கதவைச் சாத்திவிட்டேன். அவள் முகத்துக்கு நேராக.

பிப். 19, வெள்ளி

அழுகை நின்றுவிட்டது. அழுதபோது பொறுக்க முடியவில்லை. நின்றபோது அதைவிட மோசம். சா.வும் கடைசியில் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆனான். அவர் வேலைக்குப் போனதும் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

ஓலைப்பாயில் பழந்துணிக்குள் கிடந்தது. முகம் கிழங்கு சூம்பினதுபோல். எடுத்தேன். கனமே இல்லை. வாயில் வைத்தால் பிடிக்கத் தெம்பில்லை. பீய்ச்சித் துளித்துளியாக உதட்டில் விட்டேன். நாக்கு அசைந்தது. நெடுநேரம் கழித்துப் பிடித்தது. சா. இழுப்பதுபோல் இல்லை. அவன் முட்டி முட்டிக் குடிப்பான். இது பூனைக்குட்டிபோல்.

நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். மாதா படம், முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. எங்கள் புராட்டஸ்டண்ட் வீடுகளில் படம் வைக்கமாட்டோம். படத்துக் கண்ணாடியில் ஒரு கீறல், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி குறைந்தது. இத்தனை நாளில் முதல்முறையாகத் தோள்பட்டை இறங்கியது. அந்தச் சுகத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தூங்கிவிடலாம்போல. என் பிள்ளை மண்ணுக்குள்ளே, எனக்குச் சுகம்.

கிளம்பும்போது சொன்னேன்: "பால் மட்டுந்தான் அக்கா. என்னைத் தூக்கி வைக்கச் சொல்லாதிய, கொஞ்சச் சொல்லாதிய."

"ஒண்ணும் சொல்லல, தாயி."

பிப். 20, சனி

இருட்டு விலகுமுன்னே எழுந்து கிணற்றடியில் நின்றேன். இன்று பிள்ளை செத்திருந்தால் அத்தை சொன்னது உண்மை. பின்வீட்டில் சத்தமில்லை. அப்புறம் ஒரு கத்தல். பசித்த பிள்ளையின் கத்தல், கோபமாக.

அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பிறகு போய்ப் பால் கொடுத்தேன்.

பிப். 23, செவ்வாய்

அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறேன், அவர் முன்வாசல் வழியாக. கையில் பூப்பொட்டலம்.

"எங்க போயிருந்த?"

"பின்வீட்டுக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்க."

நின்றார். புரிய நேரமானது. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலை, எண்ணிக்கை தப்பினால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"அவனுக்குள்ளத எடுத்தா குடுக்க?"

"அவன் இனிமேக் குடிக்கமாட்டானே அத்தான்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. பொட்டலத்தை மாடத்தில் வைத்தார். எப்போதும்போல ஒழுங்காக. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாளைக்கு ராத்திரி முறை கேட்டு வாங்கியிருப்பதாகவும், துறைமுகத்திலேயே படுத்துக்கொள்வதாகவும் கூட வேலைபார்க்கிறவரிடம் சொல்லி அனுப்பினார்.

பூவைக் கட்டவில்லை. கிணற்றடியில் போட்டேன்.

மார்ச் 4, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. தெருக்குழாயில் தண்ணீர் நூல்போல.

பிள்ளை தேறுகிறது. தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. கன்னம் வந்துவிட்டது. பி. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். "இங்கரு, கை மணிக்கட்டுல கயிறு கட்டினாப்ல இருக்கு பாரு."

பால் நல்ல பால். இதோ சாட்சி மடியில் கிடக்கிறது, ஏப்பம் விடுகிறது. அப்படியானால் சா. எதனால் போனான்?

இத்தனை நாளாக எனக்கு ஒரு காரணமாவது இருந்தது. என்மேல் பழி என்றாலும் அது ஒரு காரணம். பிடித்துக்கொண்டு அழ ஒரு தூண். இப்போது அதுவும் இல்லை. காய்ச்சல் வந்தது, போனான். எதற்குமில்லாமல் போனான். என் பால் விஷமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியபோது என் மடியில் இந்தப் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவள் நான்.

இன்றுதான் மோசமான நாள். அடக்கத்தன்றைவிட.

மார்ச் 10, புதன்

பி. அக்காவின் நெற்றியில் சாம்பல் சிலுவை. தவசு காலம் தொடங்கிவிட்டது அவர்களுக்கு. மீன் வாங்குவதில்லையா என்று கேட்டேன். "மீனு திங்கலாம், கறிதான் ஆகாது" என்று சிரித்தாள். சாவுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

சூசையின் தோணி கொழும்பில் பழுது பார்க்கக் கிடக்கிறதாம். இங்கிருந்து போன இன்னொரு தோணியை ஓட்டுகிற தண்டலிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "சொன்னானோ, சொல்ல வாய் வராம இருந்துட்டானோ. தோணிக்காரங்களுக்குப் புயலப் பாக்கத் தெரியும். இதெல்லாம் பேசத் தெரியாது."

அவர் ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்தார். ஆராதனைக்குச் சேர்ந்து போனோம். வரும்போது அவர் முன்னால், நான் பின்னால். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி போய்விட்டார். மெலிந்திருக்கிறார்.

மார்ச் 15, திங்கள்

அத்தை வந்தார்கள். கரியில் ஓடுகிற பஸ்ஸில் சாத்தான்குளத்திலிருந்து. முன்னறிவிப்பில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டிலேயே பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்போதெல்லாம் பி. அக்கா சங்கு அறுக்கிற இடத்துக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையை இங்கே விட்டுப் போகிறாள்.

அத்தை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நெசந்தானா! என் பேரன் குடிச்ச மாருல ஊருப் பிள்ளையப் போட்டுருக்கியே. கோயிலும் வேற, குடும்பமும் வேற. ஏளா, ஒனக்கு நெஞ்சு கல்லா?"

நான் பிள்ளையின் தலையைச் சேலையால் மூடினேன்.

"அதும் எதக் குடுக்க? ஒன் பாலக் குடிச்சு ஒண்ணு போனது போதாதா? ஆத்தா இல்லாத பிள்ளையையும் கொல்லணுமா?"

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. பிள்ளையை மாரிலிருந்து எடுத்து, துணியை உருவி, வெறும் உடம்பாக அத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு அழுதது. வாயோரத்தில் பால்.

"பாருங்க அத்தை. நல்லாப் பாருங்க. பொறந்தப்ப எலும்பும் தோலுமா இருந்திச்சு. இந்தப் பாலத்தான் குடிக்கி. வேற ஒரு சொட்டு உள்ள போகல. பாருங்க."

அத்தை பார்த்தார்கள். தொடை மடிப்பை, வயிற்றை, கன்னத்தை. கையை நீட்டிப் பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார்கள். பை கீழே விழுந்தது, உள்ளே இருந்த கருப்பட்டி உருண்டோடியது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"அப்பம் என் பேரன் எதுக்குளா போனான்?"

கத்தவில்லை. என்னைத்தான் கேட்டார்கள், எனக்குத் தெரியும் என்பதுபோல.

"தெரியாது அத்தை."

"பாலுனு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அடக்கத்தன்று அத்தை அழுததை நான் பார்க்கவில்லை. இன்று அழுதார்கள். வாயில் சேலையை அடைத்துக்கொண்டு. பிள்ளை பசியில் கத்தியது, மறுபடி மாரில் போட்டேன். நான் பால் கொடுக்க, அத்தை அழ, கருப்பட்டியில் ஈ மொய்க்க, அப்படியே மத்தியானம் போயிற்று.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

மார்ச் 18, வியாழன்

அத்தை நேற்றுக் கிளம்பினார்கள். போகுமுன் துறைமுகத்துக்கே போய் மகனைப் பார்த்திருக்கிறார்கள். இன்று அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டார். கை கழுவின பிறகும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா அன்னைக்குச் சொன்னது எனக்கும் கேட்டுது" என்றார்.

"தெரியும்."

"நானும் நம்பிட்டேன், எஸ்தர். அதான் ஒன் மொகத்தப் பாக்க முடியல."

நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். தேய்த்தேன். ஒரு தட்டை எவ்வளவு நேரம் தேய்க்க முடியும்? பூப்பொட்டலம் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. வற்றட்டும், வற்றட்டும் என்று வாங்கி வந்த பூ.

மன்னிக்க முடியவில்லை. ஜெபத்தில் முடிந்தது என்று சொன்னேன். இங்கே உள்ளதை எழுதுகிறேன்.

மார்ச் 27, சனி

பிள்ளைக்கு நேற்றுக் காய்ச்சல். காலையில் தொட்டபோது கொதித்தது. சா.வுக்குத் தொட்ட அதே சூடு. பி. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். எடுக்க முடியவில்லை. கை வரவில்லை. வெள்ளிக்கிழமை. எல்லாம் அதேபோல.

அவர் சாப்பாட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இதுநாள்வரை அதன் பக்கம் திரும்பாதவர். குனிந்து நெற்றியில் புறங்கை வைத்தார். துண்டை நனைத்துச் சுற்றினார். தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார், வண்டிக்குக்கூட நிற்கவில்லை. நான் பின்னாலே செருப்பில்லாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "தகப்பன் யாரு?" அவர், "நான் தூக்கிட்டு வந்தவன்" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை.

இன்று காய்ச்சல் இறங்கிவிட்டது. குடிக்கிறாள். இறங்கியதற்கும் காரணம் தெரியாது. அவனுக்கு இறங்கவில்லை, இவளுக்கு இறங்கியது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தால் ஏன் என்றுதான் வருகிறது.

இவள் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை அது.

ஏப்ரல் 6, செவ்வாய்

சூசை வந்துவிட்டான்.

தண்டல் சொல்லவில்லை. கரையில் இறங்கின பிறகு சுமைகாரன் ஒருவன் துக்கம் விசாரித்திருக்கிறான், அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நேரே கல்லறைக்குப் போய் வெயில் சாயும்வரை கிடந்தானாம். பி. அக்கா போய் அழைத்து வந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். உப்பும் வெயிலும் தின்ற முகம். கக்கத்தில் ஒரு காகிதச் சுருணை, உள்ளே ரோசம்மாவுக்கு வாங்கின சேலை, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. பிள்ளையைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் அந்தப் பார்க்காமை.

தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அக்கா எல்லாஞ் சொன்னாவ. எனக்குக் கடலுதான் பொழப்பு. அக்காவும் தனிக்கட்ட. நான் இத வச்சு என்ன செய்வேன்? நீங்களே வச்சுக்கிடுங்கம்மா. ஒங்களுக்கும் பிள்ள இல்லல்லா."

பி. அக்கா அழுதாள், ஆனால் மறுத்துச் சொல்லவில்லை. அவர் என் பின்னால் நின்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டேன். ஆசை. தாகத்தில் தண்ணீரைப் பார்க்கிற முகம்.

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினோம்.

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்தேன். சா.வின் சட்டைகள். நீலக்கரை போட்டது ஒன்று, நானே தைத்தது. அவளுக்குப் போட்டேன். கொஞ்சம் தொளதொளப்பு, அவ்வளவுதான். பொத்தான் போட்டேன். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். முதுகில் தட்டிக்கொண்டே, "வாடா சாமு, தூங்குடா சாமு" என்கிறேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியவில்லை. அவர் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எஸ்தர்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கே கேட்டது.

ஏப்ரல் 7, புதன்

சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவளுடைய பழந்துணியிலேயே சுற்றினேன். ராத்திரி முழுக்க, வேண்டும் வேண்டும் என்று உடம்பு கேட்டது. இப்போதும் கேட்கிறது.

சூசை காலையிலேயே வந்து கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன்.

"பேரு என்ன வைக்கதா இருந்திய?"

"என்னம்மா?"

"அவசரத்துல மருத்துவச்சி தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்ததோட சரி. கோயில்ல பேரு வைக்கல. ஒங்க வீட்டுல ரெண்டு பேரும் பேசியிருப்பியள்ல."

கிணற்றுக் கயிற்றை நெருடினான். "பொம்பளப் பிள்ளைனா தெரேஸுனு வைக்கணும்பா, ரோசம்மா."

"அப்பம் தெரேஸைப் பிடிங்க."

அவன் கையை விரிக்கவில்லை. நானே அவன் மடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் பதறிப் பிடித்தான், கடலில் விழப்போகிற பொருளைப் பிடிப்பதுபோல.

"எம் பிள்ள செத்துட்டான்" என்றேன். "சாமுவேல். இது அவன் இல்ல. இது ஒங்க பிள்ள, ரோசம்மா பிள்ள. சோறு திங்குற வரைக்கும் நான் பால் குடுக்கேன். நீங்க ஒவ்வொரு தடவ கரைக்கு வரும்போதும் வந்து தூக்கணும். அந்த ஒண்ணுதான்."

தெரேஸின் கை அவன் தாடியில் மாட்டிக்கொண்டது. அவன் குனிந்தான். தோள் குலுங்கிற்று. பி. அக்கா அவன் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

அவர் கேட்டார், "ஏன் குடுத்த?" கோபமில்லை. கெஞ்சல். "நம்மளே வச்சிருக்கலாம்லா."

"சாமுவ நாம ரெண்டு பேரும் மறந்துருவோம் அத்தான்."

பின்பக்கம் போய்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தார். தொட்டி நிறைந்தும் இறைத்துக்கொண்டே இருந்தார். போய்க் கயிற்றை வாங்கினேன். அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. என் தோளில் தலையைச் சாய்த்தார். ரவிக்கை நனைந்தது, அவர் கண்ணீரா என் பாலா தெரியவில்லை. நெடுநேரம் நின்றோம்.

சரியானதைச் செய்தேனா என்று தெரியவில்லை. வீடு காலியாக இருக்கிறது.

ஏப்ரல் 30, வெள்ளி

அனல். கூரை ஓடு வெடிக்கும்போல. புளி முடிந்துவிட்டது, எண்ணெயும். சூசையின் தோணி மறுபடி கொழும்புக்குப் போய்விட்டது. போகிற அன்று தெரேஸை ஒரு மணி நேரம் கடற்கரையில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

காலையில் அடுப்பு மூட்டும்போது திடீரென்று, இந்நேரம் அவன் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அழுதேன். முன்னைவிடக் குறையவில்லை. நல்லவேளையாகவோ என்னவோ. தெரேஸ் எழுந்து கத்தினாள். அழுதுகொண்டே கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் வித்தியாசமில்லை.

பத்து மணிவாக்கில் வாசலில் ஒரு ஆள். உப்பளத்தில் வேலை செய்கிறவன் என்று காலைப் பார்த்தாலே தெரிந்தது, வெடிப்பெல்லாம் வெள்ளை. தோளில் துண்டுக்குள் ஒரு பிள்ளை, சத்தமே இல்லை. அவர் இன்று வேலைக்குப் போகவில்லை, வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பால் குடுக்க அம்மா வீடு இதானா?"

உள்ளே இருந்த எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன்னால் சாயர்புரத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னேன், டீச்சர் என்றார்கள். பிறகு சாமுவேலின் அம்மா என்றார்கள். இப்போது இது. மாட்டைக் கேட்பதுபோல. இருக்கிற பாலே தெரேஸுக்குச் சரியாக இருக்கிறது. அதுவும் நான் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திவிடலாம் என்று எழுந்தேன்.

"இவ அம்மைக்கு மாருல கட்டி, அண்ணாச்சி. அறுத்துப் போட்டுருக்காவ. ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல. சங்கு அறுக்க எடத்துல ஒரு அக்கா சொன்னாவ."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பலகையை நிழலில் இழுத்துப் போட்டார்.

"வெயில்ல நிக்காதிய. உள்ள வாங்க."

நான் கை கழுவப் போனேன்.